உணவுக்குழாய்ச் சிரை உடையும்போது தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் நான் பணிபுரியும் சிறிய மருத்துவமனையில், சென்ற மாதம் ஒரு காலை, இரவுப் பணி முடித்த இளம் மருத்துவர் நோயாளியின் தாளை என்னிடம் நீட்டினார். கல்லீரல் சுருக்க நோயுள்ள, ரத்த வாந்தியுடன் வந்த ஐம்பது வயது ஆள். இரவு முழுவதும் நான்கு பாட்டில் சலைன், மூன்று யூனிட் ரத்தம், நான்கு பை பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி). கீழே பெருமையோடு எழுதியிருந்தார்: ஹீமோகுளோபின் 10.4. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தாளை யாரோ படியெடுத்துத் தந்ததைப் போல இருந்தது. கல்லீரல் சுருக்கத்தால் உணவுக்குழாயில் புடைத்த சிரைகள் உடைந்து ரத்தம் கசியும்போது நானும் இதே தவறுகளைச் செய்தவன்; இனி வரப்போகும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையுறை போடு, ரத்த வகை பார், இரண்டு பெரிய ஊசிவழிகள் போடு என்பன எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மருந்தைத் தொடங்காமல் வண்டி ஏற்றுவது

எங்கள் ஊரில் இது தனிச் சிக்கல். திருநெல்வேலிக்கா, மலையேறி ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரத்துக்கா என்று உறவினர்கள் முடிவெடுப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். எந்தப் பக்கம் போனாலும் பயணம் குறுகியதல்ல. சிரைக் கசிவு என்ற ஐயம் எழுந்தவுடனேயே, எண்டோஸ்கோபிக்குக் (வாய்வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) காத்திராமல், குடலுக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் 2 மி.கி. சிரை வழியே கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தொடர வேண்டும். அது இல்லையென்றால் ஆக்ட்ரியோடைடு 50 மைக்ரோகிராம் கொடுத்து, மணிக்கு அதே அளவில் சொட்டாக ஓடவிட வேண்டும். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்கும், மூச்சுத் திணறி ஆக்சிஜன் குறைந்தவர்களுக்கும் டெர்லிப்ரெசின் தரத் தயங்குவது நியாயம். நுண்ணுயிர்க்கொல்லியான செஃப்ட்ரையாக்சோன் 1 கிராமையும் அப்போதே போட்டுவிட வேண்டும்; இந்த நோயாளிகளில் பலர் கசிவைக் காட்டிலும் அதைத் தொடரும் தொற்றினால்தான் சாய்கிறார்கள். நினைவு தடுமாறியவரை மூச்சுக்குழாய்க்குப் பாதுகாப்பில்லாமல் மலைப்பாதையில் படுக்க வைத்து அனுப்பினால், வாந்தியெடுத்த ரத்தம் நுரையீரலுக்குள் போகும்.

ஹீமோகுளோபினைப் பத்து கிராம் வரை நிரப்புவது

இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது இதுதான்.

ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஒரு மருத்துவமனையில் நான் இளையவனாக இருந்தபோது, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் ஒரு தமிழர் வந்தார். ஹீமோகுளோபின் 6.2, நாடி 110, ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலும் பேசிக்கொண்டிருந்தார். வாந்தி நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய மைத்துனர் வாசலிலேயே நின்றார். "ரத்தம் கொடுக்க நாலு பேரு வந்து நிக்காங்க டாக்டரய்யா. இவ்வளவு வெளிய போயிருக்கே, ஏத்தாம இருக்கலாமா?" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். நான்கு யூனிட்டும் ஏற்றினேன். விடியற்காலையில் அவர் எழுந்து உட்கார்ந்தார், எவர்சில்வர் பேசினை இழுத்தார், ரத்த வாந்தியில் அது நிரம்பிவிட்டது. என் மேலதிகாரி வந்து தாளைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நின்ற ரத்தத்தை ஏன் எழுப்பினாய்?"

குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குள் நுழைகிறது. கல்லீரல் வடுப்பட்டு இறுகும்போது அந்த வழி அடைபட, ரத்தம் சுற்றுவழி தேடி உணவுக்குழாயின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய சிரைகளுக்குள் பாய்கிறது. இயல்பாகக் கல்லீரலைக் கடக்கும் அழுத்த வேறுபாடு 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும், 10-ஐத் தாண்டினால் இந்தச் சிரைகள் புடைக்கத் தொடங்கும், 12-ஐத் தாண்டினால் உடையக்கூடும். ரத்தம் வெளியேறும்போது உடலின் அழுத்தம் குறைகிறது, குடலுக்கான ஓட்டமும் குறைகிறது, உடைந்த இடத்தில் ஒரு சிறு உறைகட்டி ஒட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் நாம் பாட்டில் பாட்டிலாக உள்ளே விட்டால், முதலில் ஏறுவது எந்தக் குழாயில் கசிவு இருக்கிறதோ அதன் அழுத்தம்தான்.

பார்சிலோனாவில், இரைப்பை-குடலின் மேற்பகுதியில் ரத்தம் கசிந்த 921 நோயாளிகளிடம் நடத்தி 2013-இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றிய குழுவில் ஆறு வாரத்தில் உயிர் பிழைத்தவர்கள் 95 விழுக்காடு. 9-க்குக் கீழே போனாலே ஏற்றிய குழுவில் 91. மறுகசிவும் முதல் குழுவில் குறைவு. தாராளமாக ஏற்றியவர்களிடம் போர்ட்டல் அழுத்தம் உயர்ந்ததை அளந்தே பார்த்தார்கள். ஆகவே 7-க்குக் கீழே போனால் ஏற்றுங்கள், 7-க்கும் 8-க்கும் இடையே நிறுத்துங்கள். விதிவிலக்குகள் உண்டு: கண்முன்னே ரத்தம் கொட்டி அதிர்ச்சி நிலைக்கு (ஷாக்) போகிறவருக்கு எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, ஏனெனில் கசிந்த முதல் சில மணி நேரத்தில் அந்த எண் உண்மையைச் சொல்லாது. இதய நோயாளிக்கு இலக்கைச் சற்று உயர்த்தலாம்.

பிளாஸ்மாவும் இதே கணக்கில் வரும். ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2.1 என்று கண்டதும் நான்கு பை ஓடவிடுகிறோம். கல்லீரல் நோயில் உறையச் செய்யும் பொருள்களும் உறையாமல் தடுக்கும் பொருள்களும் சேர்ந்தே குறைகின்றன, ஐ.என்.ஆர். ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். கசிவு அந்த எண்ணால் அல்ல, அழுத்தத்தால் நடக்கிறது. நாம் கொடுத்தது ஏறக்குறைய ஒரு லிட்டர் கனஅளவு. பலன் இல்லை, அழுத்தம் கூடியது.

அப்படி வாசலில் நிற்கும் மைத்துனர்களிடம் இப்போது நான் சொல்வது இது: "ரத்தம் தயாரா இருக்கட்டும் அண்ணாச்சி, குளிர்பெட்டியில இருக்கட்டும். உள்ள எவ்வளவு போகணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

டிரானெக்ஸாமிக் அமிலம்

உறைகட்டி கரையாமல் தடுக்கும் இந்த மருந்து வேண்டாம். 2020-இல் வந்த ஹால்ட்-இட் ஆய்வில் உயிர் காக்கவில்லை. சிரைகளில் ரத்தம் உறைவது கூடியது.

எண்டோஸ்கோபியை நாளைக்குத் தள்ளுவது

ரத்த அழுத்தத்தை நிலைப்படுத்திவிட்டு, 12 மணி நேரத்துக்குள்.

ஒரு முறை பேண்ட் போட்டதோடு முடிந்தது என்று எண்ணுவது

வீங்கிய சிரையின் கழுத்தில் ரப்பர் வளையம் போட்டதும் கசிவு நிற்கிறது, நோயாளி நடந்து வீட்டுக்குப் போகிறார். போர்ட்டல் அழுத்தம் அப்படியேதான் இருக்கிறது. சிரைகள் மறையும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை திரும்ப வந்து வளையம் போட வேண்டும். கூடவே அந்த அழுத்தத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தான கார்வெடிலால் அல்லது ப்ரொப்ரனலால் தொடர வேண்டும். இரண்டில் ஒன்று போதாது. டிஸ்சார்ஜ் தாளில் அமிலம் குறைக்கும் பான்டோப்ரசோல் தவறாமல் இருக்கும், பீட்டா பிளாக்கர் இருக்காது. நான் பார்க்கும் தாள்களில் பாதிக்குமேல் இப்படித்தான். பான்டோப்ரசோல் வளையம் போட்ட புண் ஆறும்வரை சில நாள்களுக்குப் போதும்.

குடியை விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்பவரிடமும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது: பசிக்காக அரிஷ்டம் சாப்பிடுகிறீர்களா? எல்லையின் இரு பக்கமும் வைத்தியசாலைக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அந்தப் புட்டிகளில், புளிக்கும்போது தானாக உருவான மதுசாரம் இருக்கிறது. அதை யாரும் குடியில் சேர்த்துச் சொல்வதில்லை.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்

ஊசியும் கூடாது, மாத்திரையும் கூடாது.

"பிரஷர் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்துவது

இன்னும் ஒரு முறைகூடக் கசியாதவருக்கும், கல்லீரல் சுருக்கத்தோடு போர்ட்டல் அழுத்தம் கூடியிருந்தால், கார்வெடிலால் 6.25 மி.கி.யில் தொடங்கித் தாங்கினால் 12.5 வரை உயர்த்துகிறோம். பெரும்பாலும் அது நிற்பது மருத்துவர் சொல்லி அல்ல. கொல்லம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர், மருந்துக்கடையில் இது பிரஷர் மாத்திரை என்றார்களாம், தனக்குத்தான் பிரஷர் இல்லையே என்று மூன்று மாதமாக நிறுத்தியிருந்தார். மலையாளத்தில் இருந்த தாளை வீட்டில் யாராலும் வாசிக்க முடியவில்லை. அன்றிலிருந்து தாளின் அடியில் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன்: "இது ரத்த வாந்தி வராமல் இருப்பதற்கான மாத்திரை. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90-க்குக் கீழே போனாலோ, மயக்கம் வந்தாலோ வந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்."