ஆர்ஸ்டூடியோ சர்வர் போடுறப்ப எல்லாரும் முட்டிக்கிற எடங்கள்

வீட்டு கம்ப்யூட்டர்லயே ஆர்ஸ்டூடியோ சர்வர் (டேட்டா அனாலிசிஸுக்கான ஆர் மொழியில பிரவுசர்லேர்ந்தே கோடு எழுதி ஓட்டுற சாஃப்ட்வேர்) போட்டு வச்சுட்டா ரொம்ப வசதி, பிரவுசரத் தொறந்தா வேலை அப்படியே விட்ட எடத்துல இருக்கும். ஆனா விண்டோஸ்ல மத்த சாஃப்ட்வேர் போடுற மாதிரி நெனச்சு ஆரம்பிச்சா கண்டிப்பா மாட்டுவீங்க. இது லினக்ஸ்லதான் ஓடும், விண்டோஸ் வச்சிருக்கவங்க டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) போட்டு, அதுல உபுண்டுங்கிற லினக்ஸ ஏத்தி, அதுக்குள்ள போடணும்.

சர்வரப் போட்டா ஆர் கூடவே வந்துடும்னு நெனைக்காதீங்க, வராது, ஆர முதல்ல தனியா போடணும். அதையும் உபுண்டு தர்றத அப்படியே எடுத்தா பழசுதான் கிடைக்கும், உபுண்டு 22.04ல வர்றது ஆர் 4.1.2, புது பேக்கேஜ் (ஆரோட சேத்துக்குற கூடுதல் வசதி) சிலது அதுல ஏறவே ஏறாது. கிரான் ரெபோவ (ஆரோட அதிகாரப்பூர்வ டவுன்லோட் களஞ்சியம்) சேத்துட்டு போடுங்க.

பிரவுசர்ல 8787 போர்ட்ல (சர்வருக்குள்ள போற வாசல் நம்பர்) லாகின் பக்கம் வந்ததும் விண்டோஸ் பாஸ்வேர்டப் போட்டுப் பாக்குறவங்க நிறைய பேரு. அது கேக்குறது உபுண்டுக்குள்ள இருக்க யூசரோட பாஸ்வேர்ட். ரூட்டாவும் (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் யூசர்) உள்ள விடாது, சாதாரண யூசர் ஒண்ணு வேணும்.

அதிகமா நேரத்தத் தின்னுறது பேக்கேஜ்தான். விண்டோஸ்ல ரெடியா இறங்குற பேக்கேஜ் லினக்ஸ்ல பெரும்பாலும் சோர்ஸ்லேர்ந்து (மூல கோட்லேர்ந்து) உங்க மெஷின்லயே கம்பைல் ஆகுது, டைடிவெர்ஸ் மாதிரி பெருசு ஒண்ண போட்டா ஸ்க்ரீன் முழுக்க ஓடி ஓடி கடைசில நான்-ஸீரோ எக்ஸிட் ஸ்டேட்டஸ்னு, அதாவது வேலை முடியலன்னு, நிக்கும், எல்லாரும் அந்தக் கடைசி வரிய காப்பி பண்ணி தேட ஆரம்பிச்சுடுறாங்க. அதுல ஒண்ணுமே இல்லைங்க! கொஞ்சம் மேல ஏறிப் பாருங்க, லிப்கர்ல் இல்ல, ஓப்பன்எஸ்எஸ்எல் இல்ல, லிப்எக்ஸ்எம்எல் இல்லன்னு அதுவே சொல்லியிருக்கும், அதோட டெவ் வெர்ஷன ஆப்ட்ல (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கமாண்ட்) போட்டா முடிஞ்சது. இல்ல, ஆர்ஸ்டூடியோவ உருவாக்குற பாசிட் கம்பெனி நடத்துற பப்ளிக் பேக்கேஜ் மேனேஜர ரெபோவா வச்சுக்கங்க, உபுண்டுவுக்கு ரெடியா கம்பைல் பண்ணதே கிடைக்கும், அரை மணி வேலை ரெண்டு நிமிஷத்துல முடியும். பர்மிஷன் எரர் வந்தா ஃபோல்டருக்கு 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) மட்டும் குடுத்துடாதீங்க, உங்க ஹோம்லயே தனி லைப்ரரி வச்சுக்கவான்னு ஆரே கேக்கும், சரின்னு சொல்லுங்க.

மெமரி விஷயம் பலருக்குத் தெரியாது. ஆர் டேட்டாவ ராம்லதான் வச்சுக்கும், ஆனா டபிள்யூஎஸ்எல் 2 சும்மா விட்டா மொத்த ராம்ல பாதியத்தான் எடுத்துக்கும், 8 ஜிபி மெஷின்ல 4தான். பெரிய ஃபைல் படிக்கிறப்ப செஷன் திடீர்னு செத்தா உங்க கோட சந்தேகப்படுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க, டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்ங்கிற செட்டிங்ஸ் ஃபைல்ல கூட்டிக்கலாம். ப்ராஜெக்ட்ட சி டிரைவ்ல வச்சு படிக்கிறதும் ரொம்ப மெதுவா இருக்கும், உபுண்டு ஹோமுக்குள்ள வைங்க.

டாக்கர்ல (சாஃப்ட்வேர கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற வசதி) ராக்கர் இமேஜ், அதாவது ஆர்ஸ்டூடியோ சர்வர் ரெடியா இருக்க பொதி, போடுறவங்க வால்யூம் மேப் பண்ணாம (வெளிய இருக்க ஃபோல்டர அதோட இணைக்காம) வேலை பாக்காதீங்க, கன்டெய்னர அழிச்சா கோடும் போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பிஎச்டி மாணவிக்கு மூணு வாரத்து அனாலிசிஸ் இப்படித்தான் போச்சு, பாவம், திரும்ப உக்காந்து எழுதினாங்க.

கடைசியா ரவுட்டர்ல 8787அ வெளிய தொறந்து விடுறது, இத மட்டும் செய்யவே செய்யாதீங்க. இலவச வெர்ஷன்ல எச்டிடிபிஎஸ் (போற வர்ற தகவல மறைச்சு அனுப்புற பாதுகாப்பு) கிடையாது, உள்ள வந்தவன் ஆர் கன்சோல்லேர்ந்தே உங்க பேர்ல எந்த கமாண்டும் ஓட்டலாம். வெளியிலேர்ந்து வேணும்னா எஸ்எஸ்எச் டனல்ல (மறைச்சு அனுப்புற பாதுகாப்பான தனி வழி) வாங்க, சர்வர 127.0.0.1ல (அந்த மெஷினுக்குள்ளேர்ந்து மட்டும் எட்டுற அட்ரஸ்) மட்டும் கேக்க வைங்க. டாக்கர்லயும் போர்ட்டுக்கு முன்னாடி அதே அட்ரஸப் போடணும், போடலன்னா உபுண்டு ஃபயர்வால் போட்டிருந்தாலும் டாக்கர் அதத் தாண்டித் தொறந்துடும்.