பைபிளில் ஒரே ஒரு தடவை வரும் சொல்லுக்குப் பொருள் தேடுவது எப்படி?

மறைக்கல்வி வகுப்பில் மத்தேயு 13:47-ஐ இரண்டு வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். விண்ணரசு எல்லா வகை மீனையும் வாரும் வலைக்கு ஒப்பாகும் என்று வருகிறதே, அந்த வலையை வீச்சுவலையாகப் போர்டில் வரைந்தும் காட்டினேன். எல்லாம் தங்கச்சிமடத்துக் கடற்கரைப் பிள்ளைகள். டீச்சராச்சே என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு பேத்தியைக் கூட்டிப்போக வந்த சித்தப்பா போர்டைப் பார்த்தார். “ஏம்மா, வீச்சுவலைல எங்க எல்லாச் சாதி மீனும் விழும்? இது கரைவலைல்ல?”

அவருக்குக் கிரேக்கம் தெரியாது. கரைவலை இழுத்துக் காய்ப்பேறிய கை அவருடையது. அவர் சொன்னது சரிதானா என்று தேடப் போய்த்தான் இந்த வழி எனக்குப் பிடிபட்டது.

முதலில் மூலச்சொல் எது என்று பாருங்கள். ஸ்ட்ராங் எண் (பைபிளின் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்திருக்கும் எண்) காட்டும் பைபிள் ஆப் ஒன்று போதும். இந்த ‘வலை’க்கு எண் 4522, சொல் ‘சகேனே’. அதே எண் வேறு எங்கே வருகிறது என்று தேடினால் புதிய ஏற்பாட்டில் வேறு இடமே இல்லை. நாம் வலை என்று வாசிக்கும் மற்ற இடங்களில் பெரும்பாலும் ‘திக்துவோன்’. எந்த வலைக்கும் பொதுவான சொல், 12 தடவை வருகிறது. பேதுருவும் அந்திரேயாவும் மத்தேயு 4:18-இல் போடுவது ‘ஆம்பிபிளேஸ்த்ரோன்’. சுற்றிலும் எறிவது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது, அதுதான் வீச்சுவலை. தமிழில் மூன்றும் ஒன்றாகிவிட்டதால்தான் நான் ஏமாந்தேன்.

ஒரே தடவை வரும் சொல்லை அந்த ஒரே வசனத்தை வைத்து ஊகிக்கக் கூடாது. கிரேக்கப் பழைய ஏற்பாடான செப்துவஜிந்தைத் திறந்து பாருங்கள். அபக்கூக்கு 1:15-இல் தூண்டில், ஆம்பிபிளேஸ்த்ரோன், சகேனே மூன்றும் வரிசையாக வருகின்றன. அப்போ சகேனே வீச்சுவலை இல்லை.

அடுத்து பைபிளுக்கு வெளியே போங்கள். எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஹெரோடோட்டஸ், கிறிஸ்துவுக்கு முன் 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர். பாரசீகப் படை கியோஸ், லெஸ்போஸ், டெனெடோஸ் தீவுகளைப் பிடித்ததும் வீரர்கள் கையோடு கை கோத்து, வடகடலிலிருந்து தென்கடல் வரை வரிசையாக நின்று, தீவு முழுக்க ஆட்களை அரித்துக்கொண்டே நடந்தார்களாம். அதற்கு அவர் போடும் வினை, சகேனேயிலிருந்து வந்தது. பாம்பன் தீவில் வடகடலையும் தென்கடலையும் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கிலீஷில் ‘சீன்’ (seine) என்று ஒரு வலைப்பெயர் இருக்கிறது, சகேனேயின் பேரப்பிள்ளை. அதை ஆதாரமாக்காதீர்கள். பேரனைப் பார்த்துத் தாத்தாவின் குணத்தைச் சொல்ல முடியாது.

அப்புறம், முடிந்தால் கரைக்குப் போங்கள். கயிற்றின் ஒரு முனை கரையில் இருக்கும். வள்ளம் வலையை விட்டுக்கொண்டே போய் வளைத்து, மறுமுனையைக் கொஞ்சம் தள்ளி அதே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று மணிக்கணக்கில் இழுப்பார்கள். கடைசியில் மடி, அதாவது வலையின் பை, வந்து மணலில் விழும்போது சூடை, காரல், நண்டு, சொறிமீன், பேத்தை எல்லாம் ஒரே குவியல். இதைப் பார்த்துவிட்டு 48-ஆம் வசனத்தை வினைச்சொற்களை மட்டும் கவனித்து வாசியுங்கள்: நிறைந்தது, இழுத்தார்கள், உட்கார்ந்தார்கள். வீச்சுவலையை உதற யாரும் உட்காருவதில்லை. கரைவலைக் குவியலை நின்றுகொண்டு பிரித்தால் இடுப்பு போய்விடும்.

அதே வசனத்தில் வீசி எறியப்படும் மீன்களைக் கிரேக்கம் ‘சப்ரா’ என்கிறது. அகராதியைத் திறந்தால் முதலில் அழுகியது என்று இருக்கும். இப்போதுதான் கரையேறிய மீன் எப்படி அழுகும்? இது அரிய சொல் இல்லை என்பதால் வேலை சுலபம். மத்தேயு 7:17-இல் மோசமான கனி தரும் மரத்துக்கும் இதே சொல்தான், அதுவோ உயிரோடு நிற்கிற மரம். ஆக, அழுகியது இல்லை, உதவாதது. பழைய மொழிபெயர்ப்பு ‘ஆகாதவைகள்’ என்று போட்டிருக்கிறது. எடுத்ததும் வயிற்றை உப்பிக்கொண்டு உயிரோடு கிடக்கும் பேத்தையைச் சித்தப்பா காலால் தள்ளிவிட்டுச் சொல்வதும் அதுதான்: “இது ஆகாது.”