சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும்: முதல்முறை சமைப்பவர்களுக்கு

சென்னையில் மத்தி என்பார்கள், எங்கள் குமரி மாவட்டத்தில் சாளை. மலிவான மீன், முள்ளும் அதிகம். ஆனால் குழம்பு என்று வந்துவிட்டால் இதற்கு முன்னால் வஞ்சிரமெல்லாம் சும்மா. மீனே சமைத்துப் பழகாதவர்களும் ஒரு மாலையில் வைத்துவிடலாம். ஒன்றரை மணி நேரம் ஆகும், அதில் பாதி மீன் கழுவவே போய்விடும். அவசரமில்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். கை வேலையாக இருக்கும்போது மனம் எங்கோ போகும். என் மனம் போன இடத்தையும் நடுநடுவே எழுதியிருக்கிறேன்.

நான்கு பேருக்குத் தேவையானவை: சாளை அரை கிலோ, துருவிய தேங்காய் ஒரு மூடி, சின்ன வெங்காயம் 8, மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மல்லித்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், நெல்லிக்காய் அளவு புளி, பச்சை மாங்காய் பாதி, முருங்கைக்காய் 1, பச்சை மிளகாய் 2, கறிவேப்பிலை, உப்பு. தாளிக்கத் தேங்காய் எண்ணெய், கடுகு, கொஞ்சம் வெந்தயம். மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளிக் கிழங்கு) ஒரு கிலோ.

மீன் வாங்குவது

கண் பளிச்சென்று இருக்க வேண்டும், செவுளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும். வயிறு உடைந்து குடல் வெளியே தெரிந்தால் வேண்டாம். இன்னொன்று, விரல் நீளம்கூட இல்லாத பொடி மீனைக் கூறு போட்டு வைத்திருந்தால் வாங்காதீர்கள். சாளை குறைந்தது 10 செ.மீ. வளர்ந்த பிறகே பிடிக்க வேண்டும் என்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் சொல்லும் கணக்கு. அந்தப் பொடி மீன் இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

கழுவுவது

தண்ணீருக்குள் வைத்தபடியே கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தேயுங்கள். செதில் சுவரெல்லாம் தெறிக்காமல் தண்ணீரிலேயே தங்கிவிடும். தலையை வெட்டி இழுத்தால் குடலும் கூடவே வரும். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலைக் கட்டைவிரலால் வழித்து எடுங்கள், கசப்பு அதில்தான். கல்லுப்பு போட்டு உரசி மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும்.

இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், யோசிக்கவும் நேரம் கிடைக்கும். 2021இல் ஒருநாள் ஊருக்குப் போன் செய்தபோது, "சாளையைக் கண்ணால பாத்தே நாளாச்சு மக்களே" என்றாள் அம்மா. அன்று காலைதான் இங்கே சென்னையில் மீன்காரம்மாவிடம் ஒரு கிலோ மத்தி வாங்கியிருந்தேன். அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1985 வரை நாட்டில் பிடிபட்ட சாளையில் ஏறக்குறைய எல்லாமே கேரளம், கர்நாடகம் என்று மலபார்க் கரைப்பக்கம் கிடைத்ததுதான். கடல் சூடேற ஏற மீன் வடக்கே நகர்ந்தது, குமரி முனையைச் சுற்றிக் கொண்டு கிழக்குக் கரைக்கும் வந்தது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021இல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்தது. எல்லாப் பழியையும் வெப்பத்தின் மேல் போட்டுவிட முடியாது. 2015இல் வந்த எல் நினோவும் (பசிபிக் கடல் சூடேறி உலக வானிலையையே மாற்றும் நிகழ்வு) உண்டு, குஞ்சு மீனை வாரியெடுத்த வலைகளும் உண்டு. பிறகு சாளை திரும்பியும் வந்தது. ஆனாலும் மேற்கே காணாமல் போன மீன் கிழக்கே என் தட்டில் விழுந்தது எனக்கு லேசாக உறுத்தத்தான் செய்தது.

அரைப்பது, கொதிக்கவிடுவது

தேங்காய், சின்ன வெங்காயம், மூன்று தூள்களையும் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைக்க வேண்டும். நரநரவென்று இருந்தால் குழம்பு திரிந்த மாதிரி தண்ணீரும் சக்கையுமாக நிற்கும். முதல்முறை நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

மண்சட்டியில் அரைத்த விழுதைப் போட்டுப் புளியைக் கரைத்து ஊற்றுங்கள். முருங்கைக்காய், கீறிய பச்சை மிளகாய், உப்பு, கொஞ்சம் கறிவேப்பிலை சேர்த்து அடுப்பில் ஏற்றுங்கள். காய் முக்கால் பதம் வெந்ததும் மாங்காயையும் மீனையும் போடுங்கள். இதற்கு மேல் கரண்டி கூடாது! சட்டியை இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். எட்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

தேங்காய் எண்ணெயில் கடுகு, வெந்தயம், மிச்சக் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். எண்ணெய் மேலே ஒரு படலமாகப் பரவி நிற்பதைக் கொஞ்சம் பாருங்கள். கடலிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். தென்மேற்குப் பருவக்காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளும்போது, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலே வரும். அதில்தான் நுண்பாசி பெருகும், அதைத் தின்றுதான் சாளை கொழுக்கும். மேலே இருக்கும் தண்ணீர் சூடாகி இலேசாகிவிட்டால் இந்த எண்ணெய்ப் படலம் மாதிரி மேலேயே கிடக்கும், அடித்தண்ணீர் ஏறி வருவது கடினமாகிவிடும். பூமியில் கூடும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூடான கடல் புயலுக்கும் தீனி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் எங்கள் கரையை உரசிப் போனது. குமரியிலும் கேரளத்திலும் கடலுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை.

கிழங்கு

மேல்தோலை மட்டுமல்ல, அதற்கடியில் இருக்கும் தடித்த தோலையும் உரிக்க வேண்டும். துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் வேகவிடுங்கள். வெந்து பிளந்ததும் அந்தத் தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுங்கள். கிழங்கில் இருக்கும் நச்சு போவதற்காகத்தான் இந்தப் பாடு, சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். உப்பைக் கடைசியில் போட்டுக் குலுக்கினால் போதும். நடுவில் ஓடும் நாரை உருவிவிட்டுப் பரிமாறுங்கள்.

குழம்பை இறக்கியவுடன் சாப்பிட உட்காராதீர்கள். அரை மணி நேரம் போகட்டும், புளியும் உப்பும் மீனுக்குள் இறங்க வேண்டாமா? நான் அந்த நேரத்தில் ஊருக்குப் போன் போடுவேன். இப்போதெல்லாம் அம்மாவின் முதல் கேள்வி, "அங்க சாளை என்ன வில?"