அறுபது கடந்தவர்களுடன் நடந்து பார்க்கும் பயணம்: குமரி மாவட்டத்தில் திட்டமிடும் முறை

என் பெற்றோர் இருவரும் எழுபதை நெருங்குகிறார்கள். காரில் அமர்த்தி ஊரைச் சுற்றிக் காட்டுவதை விட்டுவிட்டு, அவர்களே நடந்தும் தொட்டும் செய்தும் பார்க்கும் பயணங்களை மூன்று ஆண்டுகளாகத் திட்டமிட்டு வருகிறேன்.

முதல் படி: விருப்பத்தைக் கேளுங்கள். எங்கே போக வேண்டும் என்று கேட்டால் "உன் இஷ்டம்" என்பார்கள். என்ன செய்ய ஆசை என்று கேட்டால் மனம் திறக்கும். பூக்கட்டுவதில் கைதேர்ந்த அம்மா, மாணிக்கமாலை என்னும் பூமாலையைக் கட்டுவதை அருகில் அமர்ந்து பார்க்க விரும்பியதால், விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குச் சென்றோம். வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் பயிரிட்ட அப்பாவோ, பட்டணங்கால் வாய்க்கால் பறளியாற்றைக் கடந்து செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடக்க விரும்பினார். 1966இல் கட்டப்பட்ட அப்பாலம் 115 அடி உயரமுடையது என்றாலும், மேல்நடைபாதை சமதளமாக இருப்பதால் முதியவர்கள் சிரமமின்றி நடக்கலாம். ஆற்றங்கரைக்குச் செல்லும் படிக்கட்டில் இறங்கலாமா என்பதை மட்டும், கீழே வரும் 'இரண்டாம் படி' பகுதியைப் படித்த பின் முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: இறக்கத்தை அளவிடுங்கள். நான் தவறியது இங்கேதான். சிதறால் மலைக்குச் செல்லும் முன் "ஏறிவிடுவீர்களா அம்மா?" என்று மட்டுமே கேட்டேன். கல் பாவிய பாதையில் பேசிக்கொண்டே ஏறிய அவர், சமணச் சிற்பங்களின் முன் வெகுநேரம் நின்றார். திரும்பும்போதுதான் முழங்கால்கள் நடுங்கத் தொடங்கின; ஏறியதைப்போல் இரு மடங்கு நேரமெடுத்து, மூன்று இடங்களில் அமர்ந்து இறங்கினோம். ஏற்றம் மூச்சை வாங்குகிறது. இறக்கத்திலோ தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், தசை தளர்ந்த வயதில் முழங்காலின் மேல் சுமை கூடிவிடுகிறது.

ஆகவே பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே, கைப்பிடியுள்ள மாடிப்படியில் இரண்டு தளங்கள் உடன் நின்று இறங்கச் செய்யுங்கள். அன்றைய பதிலை மட்டும் நம்ப வேண்டாம். தசைவலி ஓரிரு நாள் கழித்தும் தோன்றும் என்பதால், இரண்டு நாள் பொறுத்திருந்து மீண்டும் கேளுங்கள். ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது ஊன்றுகோலுடன் வலிக்கும் காலும் முதலில் செல்ல வேண்டும். ஊன்றுகோலை வலியுள்ள காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் அதன் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். மடக்கும் கோல்களைவிட, அடியில் அகன்ற ரப்பர் பொருத்திய ஒரே துண்டுக் கோலையே நான் விரும்புகிறேன். பாறையில் நழுவாத பிடிமானம் அதில்தான் கிடைக்கிறது.

மூன்றாம் படி: நாளும் நேரமும். தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் மாவட்டம் இது. சனவரி முதல் மார்ச் வரை பாறைகள் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு உடலுழைப்புள்ள ஓர் இடம் போதும். அதையும் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

நான்காம் படி: பாதம். அரண்மனையிலும் கோயில்களிலும் காலணியைக் கழற்ற வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுகல் சுடுவதே தெரியாமல் கொப்புளம் எழக்கூடும். வெயிலேறுவதற்குள் செல்லுங்கள், காலுறையுடன் நடக்க அனுமதி உள்ள கல்தளங்களில் பருத்திக் காலுறை அணிவியுங்கள், இரவு பாதங்களை வெளிச்சத்தில் பாருங்கள்.

பிற்சேர்க்கை: விவேகானந்தர் பாறைக்கு முதியவர்களை அழைத்துச் செல்லலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். அசையும் படகில் ஏறுவதும் இறங்குவதுமே அங்கே கடினமான பகுதி. 2024 திசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தின் வழியே திருவள்ளுவர் சிலைப் பாறைக்கு நடந்தே செல்ல முடிவதால், இரு பாறைகளுக்கும் நடுவே மீண்டும் படகேறத் தேவையில்லை. கடல் சீற்றமாக இருந்தால் படகுகள் நிறுத்தப்படும். அன்றைக்கு வட்டக்கோட்டைக்குச் சென்று, கோட்டைச் சுவரருகே கடற்காற்றில் நடக்கலாம். நீர் மாத்திரை (அடிக்கடி சிறுநீர் கழிக்கச் செய்யும் மருந்து) உட்கொள்பவர்கள், படகு வரிசையில் நீண்ட நேரம் நிற்க வேண்டியிருப்பதைச் சொல்லி, அன்றைய மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று தம் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.