கேனப்பிக்குள் படிந்த வெள்ளைப் படலம்

பள்ளி நாள்களுக்குப் பிறகு இப்போதுதான் மறுபடி பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறேன், 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர். கேனப்பியை, அதாவது விமானி அறையை மூடும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடியை, ஒட்டி மூடிய மறுநாள் பார்த்தால் கண்ணாடி முழுக்கப் புகை படிந்த மாதிரி வெள்ளை. ஈரத்துணி, சோப்புத் தண்ணீர், பாலிஷ் எல்லாம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெயின்ட் தின்னர் வேலையாக இருக்குமோ என்று அதன் பின்னால் போனதில் இன்னும் சில நாள் வீண்.

அப்புறம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது, படலத்துக்குள் என் விரல்ரேகை வரிவரியாகத் தெரிந்தது, அதுவும் உள்பக்கம். அங்கேதான் பிடிபட்டது. சூப்பர் க்ளூவின் ஆவி, ஈரமும் கைப்பிசுக்கும் உள்ள இடத்தில் வெள்ளையாக உறையும். தடயவியலில் ரேகை எடுக்கும் ஒரு முறையே இதுதான். விமானியின் இருக்கையை அந்தப் பசையில்தான் ஒட்டியிருந்தேன், மூடியதும் ஆவிக்குப் போக வழியில்லை.

மெல்லிய பிளேடை ஓரத்தில் விட்டுக் கேனப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைப் பற்பசை தொட்ட பட்ஸால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷில் முக்கி, மிச்சத்தை டிஷ்யூ நுனியில் உறிஞ்சவிட்டு, தூசி விழாமல் டப்பாவால் மூடி இரவு முழுக்க வைத்தேன். பற்பசை போட்ட நுண்கீறல்கள்கூட நிரம்பிவிட்டன. திரும்ப ஒட்டியது ஃபெவிகாலில். காய்ந்தால் நிறமே தெரியாது, படலமும் படியாது.