போர்டன் மணற்படுகையைக் கொண்டு நிலத்தடிக் கரைபொருள் ஓட்டத்தை மாதிரியாக்கும் முறை

நுண்துளை ஊடகத்தில் நீர் ஓடுவதையும் அதனுடன் கரைபொருள் செல்வதையும் கணினியில் மாதிரியாக்கப் பழகுபவர், விடை ஏற்கெனவே அளந்தறியப்பட்ட ஓரிடத்தில் தொடங்குவது நல்லது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள போர்டன் மணற்படுகை அத்தகைய இடம். 1982 ஆகஸ்டில் வாட்டர்லூ, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் குளோரைடு, புரோமைடு ஆகியவற்றோடு ஐந்து கரிமச் சேர்மங்களையும் கரைத்த சுமார் 12 கன மீட்டர் நீரை அங்கே நிலத்தடியில் செலுத்தினர். பிறகு பல ஆழங்களில் பதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான மாதிரிப் புள்ளிகளின் வழியே அந்தக் கரைசல் திரள் நகர்ந்த விதத்தை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தனர்.

முதலில் நீரோட்டத்தை மட்டும் அமைக்க வேண்டும். பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி 1856-இல் வெளியிட்ட விதிப்படி, நீர்கடத்துதிறனை (மணல் நீரை எவ்வளவு எளிதாக விடுகிறது என்ற அளவை) நீர்மட்டச் சரிவால் பெருக்கினால் ஓட்டத்தின் அளவு கிடைக்கும். போர்டன் மணலின் கடத்துதிறன் நாளொன்றுக்குச் சுமார் 6.2 மீட்டர், சரிவு 0.0043. பெருக்கினால் 0.027 மீட்டர் வருகிறது. இது மண்ணின் முழுக் குறுக்குவெட்டுக்கும் உரிய அளவே தவிர, நீர்த்துளி உண்மையில் நகரும் வேகம் அன்று. மணலில் நீர் செல்லக்கூடிய இடம் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், அதை நுண்துளைமையான 0.33-ஆல் வகுத்தாக வேண்டும். அப்போது நாளொன்றுக்கு 0.08 மீட்டர் கிடைக்கும். களத்தில் கண்ட சராசரி வேகம் 0.09 மீட்டர். இவ்வளவு நெருக்கம் போதுமானது. இதைப் பெறாமல் சிதறல் அளவுகளைத் திருத்தத் தொடங்குபவர், நீரோட்டத்தின் பிழையைக் கரைபொருளின் தலையில் கட்டுகிறார்.

60 மீட்டர் நீளப் பரப்பை எடுத்துக்கொண்டால், இரு முனைகளுக்கும் இடையே நிலையான நீர்மட்ட வேறுபாடாக 0.26 மீட்டர் கொடுத்தால் போதும். மழைநீர் ஊறுதலை முதல் வடிவத்தில் விட்டுவிடலாம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இலவசமாக வழங்கும் மோட்ஃப்ளோ 6 நிரலில் நீரோட்டம், கரைபொருள் இரண்டுக்கும் கூறுகள் உள்ளன. பைத்தான் மொழி அறிந்தவர் ஃப்ளோபை என்னும் பைத்தான் தொகுப்பின் வழியே அதை இயக்கலாம்.

அடுத்து கரைபொருள். நீர் அதைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. துளைகளில் வேகம் ஒரே சீராக இல்லாததால் அது சிதறுகிறது. மூலக்கூறு விரவலாலும் பரவுகிறது. சிதறலின் வலிமையைக் குறிக்கும் சிதறல் நீளம் போர்டனில் ஓட்டத்திசையில் 0.36 மீட்டர், கிடைமட்டக் குறுக்குத் திசையில் 0.039 மீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. 0.36-ஐ வேகத்தால் பெருக்கினால் சிதறல் கெழு நாளொன்றுக்கு 0.0324 சதுர மீட்டர். குளோரைடின் விரவல் கெழு தூய நீரிலேயே இதில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், ஓட்டத்திசையைப் பொறுத்தவரை அதைத் தயங்காமல் ஒதுக்கலாம்.

பழகுநர் பெரும்பாலும் ஏமாறும் இடம், கணிப்புக்காகப் பரப்பைப் பிரிக்கும் கட்டங்களின் அளவு. மோட்ஃப்ளோ 6, வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஒவ்வொரு கட்டத்தின் எல்லையிலும் மேல்நீர்ப் பக்கத்துச் செறிவையே எடுத்துக்கொள்ளும். இம்முறை கட்ட நீளத்தில் பாதியளவு போலிச் சிதறலைச் சேர்க்கிறது. ஒரு மீட்டர் கட்டம் வைத்தால் 0.5 மீட்டர் சிதறல் நீளம் தானாகவே வந்துவிடும். மணலின் உண்மையான 0.36 அதற்குள் அமிழ்ந்துபோகும். கட்டத்தை 0.1 மீட்டராக்கினால் அது 0.05 ஆகக் குறையும். அதே நிரலில் உள்ள, செறிவுச் சரிவைக் கட்டுப்படுத்திக் கணிக்கும் மாற்று முறையைத் தேர்ந்தால், கட்டத்தை ஓரளவு பெரிதாக வைத்தும் இப்பிழையைப் பெரிதும் தவிர்க்கலாம்.

ஆனால் காலப்படியால் வரும் பிழையை அந்த மாற்று முறை தீர்ப்பதில்லை. நிரல் ஒவ்வொரு படியின் முடிவிலுள்ள செறிவை வைத்தே கணிப்பதால், ஒரு படியில் நீர் கடக்கும் தூரத்தில் பாதி மீண்டும் போலிச் சிதறலாகச் சேரும். பத்து நாள் படி வைத்தால் 0.45 மீட்டர், ஒரு நாள் படி வைத்தால் 0.045 மீட்டர். மென்மையாக வளைந்த அழகான வரைபடம் கிடைத்தால் அதை நம்புவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும். கட்ட வரிசைகளை ஓட்டத்திசைக்கு இணையாகத் திருப்பி வைப்பதும் அவசியம். சாய்வாக ஓடும் நீரில் போலிச் சிதறல் குறுக்கே பாய்ந்து, அந்தச் சிறிய 0.039-ஐ எளிதில் மறைத்துவிடும்.

களத்துக்குப் போகுமுன், ஒற்றைப் பரிமாணத்தில் ஒரு சோதனை செய்ய வேண்டும். உள்முனையில் செறிவை 1 என நிலையாக வைத்து, வேகம் 0.09, சிதறல் நீளம் 0.36 எனக் கொடுத்து 100 நாள் ஓட்டினால், ஒகாட்டாவும் பேங்க்ஸும் 1961-இல் தந்த பகுமுறைத் தீர்வின்படி (சூத்திரத்தால் நேரடியாகக் கிடைக்கும் விடையின்படி) 9 மீட்டரில் 0.555, 12.6 மீட்டரில் 0.096 வர வேண்டும். தூரத்தை முதல் கட்டத்தின் மையத்திலிருந்து அளக்க வேண்டும். நீர் சரியாக 9 மீட்டர் சென்றிருக்கும் என்பதால் அங்கே 0.5 வரும் எனப் பலர் எதிர்பார்ப்பர். செறிவை நிலைநிறுத்தாமல், நீரோடு உள்ளே வரும் நிறையை நிர்ணயித்தால்தான் அதற்கு நெருங்கிய 0.498 வரும். ஆகவே இந்த ஓர் எண்ணே எல்லை நிபந்தனை எது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பின்பு போர்டன் திரளை முப்பரிமாணத்தில் வைக்கலாம். 12 கன மீட்டர் நீர் ஏறத்தாழ 36 கன மீட்டர் மணலின் துளைகளை நிரப்பும். அவ்வளவு கட்டங்களுக்கு லிட்டருக்கு 892 மில்லிகிராம் குளோரைடு எனத் தொடக்கச் செறிவு கொடுத்தால் மொத்த நிறை 10.7 கிலோகிராம் ஆகும். திரள் எல்லையைத் தொடும்வரை அந்த நிறை குறையவும் கூடாது, கூடவும் கூடாது. களத்தரவோடு ஒப்பிடும்போது தனித்தனிப் புள்ளிகளின் செறிவைப் பொருத்த முயல்வதை விட, திரளின் மொத்த நிறை, மையத்தின் நகர்வு, மையத்தைச் சுற்றிய மாறுபாட்டின் (மையத்திலிருந்து விலகும் தூரங்களுடைய வர்க்கச் சராசரியின்) வளர்ச்சி ஆகிய மூன்றையும் பார்ப்பதே நேர்மையானது. மையம் 9 மீட்டர் நகர்வதற்குள் நீளவாக்கு மாறுபாடு, சிதறல் நீளத்தையும் அந்தத் தூரத்தையும் பெருக்கியதன் இரு மடங்கான 6.5 சதுர மீட்டர் கூடினால், நிரல் 0.36-ஐ மட்டுமே சிதறலாகக் காட்டுகிறது எனலாம்.

கரிமச் சேர்மங்கள் மணலில் ஒட்டி ஒட்டி விடுபடுவதால் பின்தங்கும். மணலின் பருமன் அடர்த்தியான 1.81-ஐ (கன சென்டிமீட்டருக்குக் கிராமில்) நுண்துளைமையால் வகுத்து, பங்கீட்டுக் கெழுவால் (மணலில் ஒட்டிய அளவுக்கும் நீரில் கரைந்த செறிவுக்கும் உள்ள விகிதத்தால்) பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் பின்தங்கு காரணி கிடைக்கும், கெழு 0.18 எனில் சேர்மம் நீரின் பாதி வேகத்தில் செல்லும். போர்டனில் இக்காரணி காலப்போக்கில் கூடிக்கொண்டே போனது; மாறாத ஒரே கெழுவை வைத்த மாதிரியால் அதைக் காட்ட முடியாது. முதலில் குளோரைடைப் பொருத்தி முடித்து, நீரோட்டத்தையும் சிதறலையும் அப்படியே பூட்டிவைத்த பிறகே, ஒட்டுதல் வேகத்தைத் தனி அளவாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.