பிக்கப்பை மாற்றும் முன் ஒரே ஒரு காலை இடம் மாற்றிப் பாருங்கள்

கிப்சனின் லெஸ் பால் வகை மின்கிட்டார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் குறை இருக்கும். வால்யூம் பத்தில் இருக்கும்போது சத்தம் பிரமாதம், ஏழுக்கு இறக்கினால் கம்பளி போர்த்தியது போல மங்கிவிடும். உடனே பிக்கப்தான் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) சரியில்லை என்று முடிவு கட்டி, பழைய காலத்துப் பாணியில் சுற்றிய புதுப் பிக்கப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம். என் கிட்டாரில் இந்தத் தொல்லை தீர்ந்தது பிக்கப்பால் இல்லை, டோன் கெப்பாசிட்டரின் ஒரு காலை வேறு இடத்தில் பற்றவைத்ததால். 1950களில் கிப்சன் தொழிற்சாலையில் அப்படித்தான் வயரிங் செய்தார்கள், அதனால் இதற்கு '50ஸ் வயரிங்' என்றே பெயர்.

அந்தக் காலத்துப் பிக்கப்புகளுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்று தெரிந்துகொண்டால் நல்லது. கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் என்ற பொறியாளர் இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்பை, அதாவது ஹம்பக்கரை, உருவாக்கினார். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1957-இல் லெஸ் பாலில் வந்தது, காப்புரிமை 1959-இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின் சில வருடங்களும் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' (Patent Applied For) என்ற ஸ்டிக்கரோடு வந்தவைதான் இன்று எல்லோரும் தேடும் பிஏஎஃப். 42 கேஜ் எனாமல் கம்பி, சுற்றின் எண்ணிக்கையில் கறார் கிடையாது, காந்தமும் கையில் கிடைத்த ரகம். அதனால் ஒன்று ஏழரை கிலோ ஓம் தடை காட்டும், இன்னொன்று எட்டரையைத் தாண்டும். ஒரே வருடத்துப் பிக்கப்புகள் இரண்டு ஒரே மாதிரி ஒலிக்காது. அந்த வேறுபாடுதான் எனக்கு அவற்றில் மிகவும் பிடித்தது. ஆனால் அவை தனியாக ஒலிக்கவில்லை. பின்னால் 500 கிலோ ஓம் பாட்களும் (குமிழுக்கு அடியில் இருக்கும் மாறும் தடைகள்), 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும், அந்த வயரிங்கும் இருந்தன. பிக்கப்பை நகலெடுப்பவர்கள் பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது உண்மையிலேயே 50கள், 60களின் அசல் கிட்டார் என்றால் சால்டரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். தொழிற்சாலையில் வைத்த ஈயம் கலையாமல் இருப்பதற்கே அங்கே தனி விலை. இந்த விளக்கம் பிற்காலக் கிட்டார்களுக்கும் நகல்களுக்கும் மட்டும். பின்மூடியைத் திறந்ததும் உள்ளே சர்க்யூட் போர்டு தெரிந்தாலும் மூடிவிடுங்கள், இந்த முறை அதற்குப் பொருந்தாது.

திறப்பதற்கு முன்பே பிக்கப்பின் உயரத்தைச் சரி செய்யுங்கள், இதற்குக் காசு செலவில்லை. கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் இரும்பு முனைக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்புக்கு 1.6 மி.மீ., நெக் பக்கப் பிக்கப்புக்கு 2.4 மி.மீ. என்று தொடங்கி, அப்புறம் காதை நம்புங்கள். நெக் பிக்கப் குழம்புகிறது என்று சொல்பவர்களில் பலருக்கு அதை இன்னும் கொஞ்சம் இறக்கினாலே போதும்.

இனி பின்மூடி. கம்பிகளைக் கழற்ற வேண்டியதில்லை. திறந்ததும் போனில் நான்கு கோணத்தில் படம் எடுத்துவிட்டு, வால்யூம் பாட்டைப் பாருங்கள். மூன்று கால்கள் இருக்கும். ஓரத்தில் ஒன்று வளைத்து பாட்டின் முதுகிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அது எர்த். இன்னொரு ஓரக்காலுக்குப் பிக்கப்பிலிருந்து ஒயர் வரும். நடுக்காலிலிருந்து பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் டாகிள் சுவிட்சுக்கு ஒயர் போகும். இப்போதைய வயரிங்கில் கெப்பாசிட்டரின் ஒரு முனை பிக்கப் ஒயர் வரும் அந்த ஓரக்காலில் இருக்கும். அதை எடுத்து நடுக்காலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். டோன் பாட் பக்கம் இருக்கும் முனையை அப்படியே விட்டுவிடுங்கள். சில கிட்டார்களில் பிக்கப் ஒயரே நடுக்காலில் வந்து சேரும், அது வேறு வயரிங், அதில் இதைச் செய்யாதீர்கள்.

இதனால் என்ன மாறுகிறது? வால்யூமைக் குறைக்கும்போது பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவே ஒரு தடை வந்து உட்காருகிறது. கேபிளே ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான், மூன்று மீட்டருக்குச் சுமார் 300 பிக்கோஃபாரட். தடையும் அதுவும் சேர்ந்து கூர்மையான ஒலியைத் தின்றுவிடும். பழைய முறையில் டோன் பாட்டின் சுமை பிக்கப்பின் மேல் நேராக விழாமல் தடைக்கு அந்தப் பக்கம் போய்விடுவதால் கூர்மை பெருமளவு தங்குகிறது. முழுதாகத் தங்காது. வால்யூம் பத்தில் இருக்கும்போது ஓரக்காலும் நடுக்காலும் மின்சாரத்துக்கு ஒரே இடம்தான், அதனால் அங்கே எந்த வித்தியாசமும் கேட்காது. பத்தில் வைத்தே கேட்டுவிட்டு 'ஒன்றும் மாறவில்லை' என்று சொல்லாதீர்கள்.

பற்றவைக்க 25 வாட் அயர்ன் போதும், காலுக்கு இரண்டு மூன்று விநாடி சூடு. 60/40 ஈயம்தான் என் தேர்வு, ஈயமில்லாத வகை தொடக்கக்காரர்களைப் படுத்தும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பாட்டின் முதுகில் எர்த் ஒயர் விட்டுப்போனால் மட்டும் 60 வாட்டும் பட்டையான முனையும் தேவை. அந்த உலோகம் சூட்டை இழுத்துக்கொள்ளும், சின்ன அயர்னை அங்கே நிமிடக்கணக்கில் அழுத்திப் பிடித்தால் பாட்டின் உட்புறம் கருகிவிடும். முதுகை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு வையுங்கள். மற்ற இடத்தையெல்லாம் பழைய துணியால் மூடுங்கள், ஒரு சொட்டு ஈயம் விழுந்தாலும் பெயின்ட் போச்சு.

என்னை அதிகம் அலைக்கழித்தது இதற்கு அடுத்த கட்டம். எல்லாம் பற்றவைத்து வாசித்துப் பார்த்தால் நன்றாக வரும், மூடியைப் போட்டதும் சத்தம் சுத்தமாகப் போய்விடும், திறந்தால் திரும்ப வரும். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கெப்பாசிட்டரின் வெறுங்கால் பாட்டின் உலோக முதுகில் படுகிறது. நடுக்கால் என்பது வெளியே போகும் வழி, அது எர்த்தைத் தொட்டால் எல்லாமே அடங்கிவிடும். அல்லது பழைய பாணிப் பிக்கப் ஒயரின் வெளிப்புறப் பின்னல். அந்தப் பின்னல் முழுவதும் எர்த்தான், நுனியில் பிரிந்து நிற்கும் முடி போன்ற ஒரே ஒரு இழை பக்கத்துக் காலைத் தொட்டாலே போதும், கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. டார்ச் அடித்து, அந்த இழைகளை நோஸ் பிளையரால் முறுக்கி ஒடுக்குங்கள், கெப்பாசிட்டரின் கால்களுக்கு ஸ்லீவ் போடுங்கள். ஸ்லீவ் இல்லையா, மெல்லிய ஒயரின் தோலை உரித்து மாட்டினாலும் அதே வேலை செய்யும்.

மூடும் முன் மல்டிமீட்டர். ஜாக்கில் கேபிளைச் செருகி, மறுமுனையின் நுனிக்கும் உடம்புக்கும் நடுவே அளவு பாருங்கள், வால்யூமும் டோனும் பத்தில். ஹம்பக்கர் என்றால் ஏழிலிருந்து ஒன்பது கிலோ ஓம் சுற்றி வர வேண்டும், அதிகச் சுற்றுள்ள நவீனப் பிக்கப்பில் இன்னும் கூடும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் எங்கோ எர்த்தைத் தொடுகிறது. ஒயர்களைக் குச்சியால் லேசாக அசைத்தபடியே எண்ணைக் கவனியுங்கள், குதித்தால் இடம் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் திருகை முடுக்காதீர்கள்.

கெப்பாசிட்டரைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மேலே 223 (அதாவது 0.022 மைக்ரோஃபாரட்) என்று அச்சிட்ட சாதாரண பாலியஸ்டர் போதும், சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். வண்ணப்பட்டை போட்ட பழைய பம்பிள்பீ அழகுதான், ஆனால் மதிப்பு ஒன்றாக இருந்தால் காதில் விழுவதும் ஒன்றே. பழைய காகித வகை நாளாக நாளாகக் கசிந்து மதிப்பு மாறுவதும் உண்டு. பாட் வாங்கும்போது மட்டும் கவனம். நம் கடைகளின் 470 கிலோ ஓம் லாக் (லாகரிதமிக்) வகை நன்றாகவே வேலை செய்யும், ஆனால் தண்டின் பற்கள் அமெரிக்கக் குமிழுக்குப் பொருந்தாமல் போகலாம். குமிழைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பின்சேர்க்கை: செய்து பார்த்த சிலர், டோனைத் திருப்பினால் வால்யூமும் கொஞ்சம் இறங்குகிறது என்கிறார்கள். அது பழுதல்ல, இந்த வயரிங்கின் குணம், இரண்டு குமிழும் ஒன்றையொன்று இழுக்கும். ஓவர்டிரைவில் (ஒலி உடைந்து கரகரக்கும் நிலையில்) இருக்கும் ஆம்ப்பில் கிட்டாரின் வால்யூமை ஆறில் விட்டுப் பாருங்கள், அழுக்கு விலகி ஒவ்வொரு கம்பியும் தனியாகக் கேட்கும்.

ஃபெண்டரின் டெலிகாஸ்டரிலும் இதே மாதிரி ஓரக்காலிலிருந்து நடுக்காலுக்கு மாற்றலாம். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டில் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்) அவ்வளவு எளிதல்ல, டோன் பாட்கள் செலக்டர் சுவிட்சில் போய்ச் சேருவதால். அதில் கூர்மை தங்க, வால்யூம் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் ஒன்றுக்கொன்று இணையாக (பேரலலில்) இணைத்து வையுங்கள். வால்யூமைக் குறைக்கும்போது சத்தம் கனமில்லாமல் ரொம்பக் கூர்மையாகத் தெரிந்தால் கெப்பாசிட்டரை 680 பிக்கோஃபாரட்டுக்கு இறக்குங்கள்.